ராக்கியப்பன் வாயில் தங்கிய கேள்வி

பனியன் ஊரில் வேலை கேட்டுப் போகிற எவருக்கும், போகும் வழியிலேயே யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்வார், பேக்கரியில் டீ ஆற்றுகிறவர் சொல்வார், கம்பெனி வாசலில் பெயர் கேட்கிற வாட்ச்மேன் சொல்வார். உள்ளே போனதும் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று முதலாளி கேட்பார், கேட்டதும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடக் கூடாது, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ‘நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க சார்’ என்று சொல்ல வேண்டும். தொகையைச் சொல்கிறவர் திமிர் பிடித்தவர், பேராசைக்காரர், நாளைக்கே கொடி பிடிக்கப் போகிறவர். பார்த்துக் கொடுக்கச் சொல்கிறவர் நல்ல குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊரின் மரியாதை அது. இந்த மரியாதையால் எத்தனை வீடுகளில் உலை வைக்காமல் போனது என்று யாரும் யோசித்ததில்லை, யோசித்தால் அதுவும் மரியாதைக் குறைவாகிவிடும்.

எல்லா முதலாளிகளும் கேட்கிற கேள்விதான் என்றாலும் ராக்கியப்பன் கேட்பது தனி. அவருடையது ஏற்றுமதிக் கம்பெனி, கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை ஒரே கூரையின் கீழ், வாசலில் பிள்ளையார், பிள்ளையாருக்கு மேலே கேமரா. வந்தவரை எதிரே உட்காரவைத்து, சுழல் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, மேஜை மேலிருக்கும் கண்ணாடிக் குண்டை உள்ளங்கையில் உருட்டியபடி, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்து, “சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கறீங்க?” என்பார். தொகை சொன்னவர்களுக்கு அதில் பாதி கிடைத்தது. பார்த்துக் கொடுக்கச் சொன்னவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டதோடு சரி, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. எதையும் எழுதித் தர மாட்டார், எதிலும் கையெழுத்துப் போட மாட்டார், நாளைக்கு யாராவது வந்து நின்றால் நான் எப்போது சொன்னேன் என்று கேட்க வசதியாக எல்லாமே வாய்வார்த்தைதான். கேஷியர் நாச்சிமுத்துவிடம் அவர் சொல்லிவைத்திருந்தது ஒன்றே ஒன்று: என் முன்னால் பேசின பேச்சுக்கு நான் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை என்றால், அது நடந்துவிட வேண்டும். நாச்சிமுத்துவும் தலை நரைக்கும்வரை அப்படியே நடத்திக்கொண்டு வந்தார்.

ரேணுகா அந்த அறைக்கு முதன்முதலில் போனது கல்லூரி முடித்த வருடம். வாட்ச்மேன் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல், கழுத்தைச் சாய்த்துச் சொன்னாள். மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது வெளிநாட்டுக்காரன் கேட்ட நிறத்தில் துணிக்குச் சாயம் ஏற்றவைத்து, சாம்பிள் தைக்கவைத்து, தையல்காரரிடமும் சாயப்பட்டறைக்காரரிடமும் கெஞ்சியும் சண்டை போட்டும் கப்பல் தேதிக்குச் சரக்கை அனுப்பிவைக்கிற வேலை. அதே நாளில் அதே வாக்கியத்தைச் சொல்லிச் சேர்ந்த சந்துரு என்பவனுக்கு அவளுடையதைப்போல இரண்டு மடங்கு சம்பளம் என்பது, அவன் பைக் வாங்கி எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆம்பளப் பையன், நாளைக்குக் குடும்பம் பண்ண வேண்டியவன் என்று நாச்சிமுத்து காரணம் சொன்னார். அப்போது அவள் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. கோயமுத்தூரில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். ரேணுகா ராக்கியப்பன் அறைக்குப் போய், கைவிட்டுப் போகவிருந்த ஒரு ஆர்டரைத் தான் ஒருத்தியாக நின்று காப்பாற்றியதைச் சொல்லி, சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். ராக்கியப்பன் குண்டை உருட்டிக்கொண்டே, “ஏம்மா, நீதான பாத்துப் போட்டுக் குடுங்கன்னு சொன்ன? நான் பாத்துட்டுத்தானம்மா இருக்கறேன்” என்றார். நாலைந்து பேரும் சிரித்தார்கள்.

அம்மா காதுத் தோட்டைக் கழற்றி விற்று வைத்தியம் பார்த்துக்கொண்டாள். காது தூர்ந்துபோய்விடக் கூடாது, பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று ஓட்டைகளில் வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள். அந்தப் பிறகு வரவேயில்லை. நான்கு வருடம் குச்சியோடு இருந்து குச்சியோடு போய்ச் சேர்ந்தாள். பாடையில் கிடத்தியபோது உறவுக்காரி ஒருத்தி, “குச்சிய எடுத்துருங்க, பாக்க நல்லாயில்ல” என்று சொன்னதை ரேணுகா இன்றைக்கும் மறக்கவில்லை.

ராக்கியப்பன் கம்பெனியை விட்ட பிறகு அவள் எத்தனையோ கம்பெனி மாறினாள். போன இடமெல்லாம் கடைசியாக வாங்கின சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, அதற்கு மேலே பிச்சை போடுகிற மாதிரி ஏதோ கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார்கள். அந்த அறையில் வாயைத் திறக்காமல் விட்ட முதல் தொகை அவள் கூடவே வந்துகொண்டிருந்தது. இருந்த கம்பெனியும் மூடிப்போய், ராக்கியப்பன் கம்பெனிக்கு அனுபவமுள்ள மெர்ச்சண்டைசர் தேவை என்று சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது, அவளுக்கு வேலை கிடைக்குமா என்ற யோசனையே வரவில்லை. எங்கே தொடங்கியதோ அங்கே போய், அந்த ஆளின் மூஞ்சிக்கு நேராகத் தன் தொகையைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே வெறிதான் வந்தது. வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அடுத்த வீட்டுக்காரியும், ராக்கியப்பன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவளுமான பேபியக்காவை முதலாளியாக எதிரே உட்காரவைத்து, சிரிக்காமல், கழுத்தைச் சாய்க்காமல், கையைச் சேர்க்காமல் தொகையைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

“இப்படி மொறச்சுட்டு சொன்னீன்னா வேல குடுக்க மாட்டாங்க, கல்லத்தான் எடுத்து அடிப்பாங்க” என்றாள் பேபியக்கா.

“அடிக்கட்டும்க்கா. காதுல உழுந்தாப் போதும்.”

அவள் மறுபடி அந்த அறைக்குப் போன அன்றைக்கு ராக்கியப்பன் தலையில் முடி குறைந்திருந்தது, குண்டு அதே குண்டு. அவளை ஏற இறங்கப் பார்த்து, “எக்ஸ்போர்ட் லைன்ல அனுபவம் இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“இருக்குதுங்க. மொதமொதல்ல இந்தக் கம்பெனிலதானுங்க இருந்தேன்.”

“அப்படிங்களா” என்றார் ராக்கியப்பன். “இங்க எத்தனையோ பேரு வருவாங்க, போவாங்க.”

இதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. தினமும் ராத்திரி கண்ணை மூடினால் யார் முகம் தெரிகிறதோ அந்த ஆளுக்குத் தன் முகமே தெரியவில்லை, அம்மாவின் காதுக் குச்சியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, அன்று சிரித்ததுகூட ஞாபகமில்லை என்பது அவளுக்கு வயிற்றில் தீயாக இறங்கியது. அந்த நேரம் பார்த்து அவர் பின்னால் சாய்ந்து, குண்டை உருட்டி, சிரித்து, “சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கறீங்க?” என்றார். தொகை அவள் நாக்கு நுனியில் இருந்தது. இந்த ஆளுக்கு இதைச் சொல்வதா என்று அவளுக்குத் தோன்றியது. அவர் முகத்தையே நேராகப் பார்த்துக்கொண்டு, வாயை இறுக மூடி, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டி, எழுந்து, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அந்த அறையில் அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் போனது அதுவே முதல் தடவை.

ஏம்மா, நில்லு என்று கூப்பிடத்தான் ராக்கியப்பன் வாயைத் திறந்தார். “சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கறீங்க?” என்று வந்தது. நாக்கு புரண்டுவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் குடித்தார். அதற்குள் மயிலாத்தாள் டீ கொண்டு வந்து வைத்தாள், கம்பெனியைக் கூட்டிப் பெருக்கி டீ வாங்கிவரும் பெண். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போடவே இல்லையா என்று அவளைத் திட்ட வாயைத் திறந்தார். “சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கறீங்க?” என்று வந்தது, அதே சிரிப்போடு.

மயிலாத்தாளிடம் வேலைக்குச் சேர்ந்த அன்றுகூட யாரும் இதைக் கேட்டதில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு தொகையைச் சொன்னாள். ராக்கியப்பன் பதறிப்போய், ஐயோ உன்னைக் கேட்கவில்லை என்று சொல்ல முயன்றார், மறுபடியும் கேள்விதான் வந்தது. முதலாளி இரண்டாம் முறை கேட்டால் தான் குறைத்துச் சொல்லிவிட்டதாகத்தான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டு மயிலாத்தாள் கொஞ்சம் ஏற்றிச் சொன்னாள். அவர் கத்தினார். அவள் இன்னும் ஏற்றினாள். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு பக்கமும் தலையை ஆட்டினார். நம் ஊரில் தலையாட்டுவதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா, நாச்சிமுத்து வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார், முதலாளி வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை நன்றாகக் கவனித்துக்கொண்டார், அந்த மாதமே மயிலாத்தாள் கைக்கு அவள் கடைசியாகச் சொன்ன தொகை போய்ச் சேர்ந்தது. எழுதிக் காட்டலாம் என்று ராக்கியப்பன் பேனாவை எடுத்தால், கையும் அந்தக் கேள்வியைத்தான் எழுதியது.

ரேணுகா எழுந்து வந்த அன்று சாயங்காலமே பேபியக்கா தன் வீட்டுக்குள் போகாமல் நேராக ரேணுகா வீட்டுக்கு வந்து, செருப்போடு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“ஏ ரேணு, நீ அங்க என்ன பண்ணீட்டு வந்த? அந்தாளு வாயில அந்தக் கேள்வியத் தவுத்து வேறொண்ணும் வர மாட்டீங்குது.”

“நான் ஒண்ணுமே பண்ணலக்கா. பதிலே சொல்லாம வந்துட்டேன்.”

“அதானா” என்றாள் பேபியக்கா. எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாள். ஊரும் அப்படியேதான் எடுத்துக்கொண்டது. பதில் வாங்காத கேள்வி போக இடமில்லாமல் கேட்டவர் வாயிலேயே தங்கிவிட்டது, இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று பேக்கரியில் பேசிக்கொண்டார்கள். எப்படி ஆனது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவரவருக்கு இதில் என்ன லாபம் என்றுதான் பார்த்தார்கள்.

கம்பெனிக்குள் ஆட்கள் முதலாளி கண்ணில் படுகிற மாதிரி நடமாட ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் அவர் வருகிறார் என்றால் பாத்ரூமுக்குள் ஓடி ஒளிந்தவர்கள், இப்போது தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வழியில் வந்து நின்றார்கள். ஏன்டா மிஷினை விட்டு எழுந்து வந்தாய் என்று அவர் கோபமாகக் கேட்பார், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று மரியாதையாக வெளியே வரும், டெய்லர் தொகையைச் சொல்வான், நாச்சிமுத்து அவர் பின்னாலேயே நின்று தலையசைப்பார். கேள்வி வாங்கப் போகிறேன் என்று சொல்வது ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டது. கேள்வி வாங்கிட்டியா, இன்னும் வாங்கலைங்க, நாளைக்கு அயர்னிங் பக்கம் வருவாராம், அங்கே நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று செக்கிங் டேபிளில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். பேபியக்கா தன் கேள்வியை ஒரு வெள்ளிக்கிழமை வாங்கினாள். இரண்டாம் முறை கேட்கட்டும் என்று பொறுமையாக நின்று, மூன்றாம் முறைக்கும் நின்று, பிறகுதான் நகர்ந்தாள்.

கம்பெனிக்கு வெளியிலும் அது அவரை விடவில்லை. வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தருகிற பையிங் ஏஜென்டிடம் உருப்படி விலையை ஏற்றிக் கேட்கப் போனார், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று தன்னைக் கேட்டதும் அந்த ஆள் கதவைச் சாத்திவிட்டு வந்து கமிஷனை உயர்த்திக்கொண்டான். கோயமுத்தூர் டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டு, பதிலுக்குக் கேள்வி வாங்கி, கொஞ்சம் தயங்கித் தன் கட்டணத்தைச் சொன்னார். சிக்னலில் காரை நிறுத்திய போலீஸ்காரர் கேள்வி காதில் விழுந்ததும் இரண்டு பக்கமும் பார்த்து, “இங்க வேண்டாங்க சார்” என்றார். எல்லைக் கருப்பராயன் கோயிலில் பூசாரிக்கு அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தபோது, வாயைத் திறந்துவிடு சாமி என்று கும்பிட்டு நின்ற ராக்கியப்பன், கருப்பராயனைப் பார்த்துச் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பூசாரி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். வெயிலிலும் மழையிலும் தலைமுறை தலைமுறையாக எல்லையில் காவல் நிற்கிற சாமி, அதனிடமும் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. நெடுநேரம் யோசித்து, தலைக்கு மேல் ஒரு கூரையும் நாள்தோறும் ஒரு கட்டுச் சுருட்டும் என்று சொல்லிவிட்டு மலையேறியது.

வீட்டில் அவர் மனைவி சம்பூர்ணம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கேள்வி வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேட்டதே போதுங்க என்று கண் கலங்குவாள் என்று சமையல்காரி எதிர்பார்த்தாள். சம்பூர்ணம் அப்படிப்பட்டவள் இல்லை. “யோசிச்சுச் சொல்றனுங்க” என்று அன்றைக்கும் மறுநாளும் யோசித்து, அதற்கடுத்த நாள் தோசை மாவைக் கரைத்துக்கொண்டே, பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருக்கிற கடைகள் எல்லாம் தன் பெயருக்கு வர வேண்டும் என்றாள். ராக்கியப்பன் அலறினார். சரி, குடோனும் என்றாள்.

ஒவ்வொரு சாயங்காலமும் இவையெல்லாம் பேபியக்கா வாயால் ரேணுகா காதுக்கு வந்தன. முதல் சில நாள் அவள் வயிறு குளிர்ந்தது. சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள், அவர் தலையை ஆட்டியதைக் காட்டச் சொன்னாள், குண்டு கை நழுவிக் கீழே விழுந்து சில்லு பெயர்ந்துபோன கதையை மூன்று சாயங்காலம் கேட்டாள். ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. பழிவாங்கினால் மனசுக்கு நிம்மதி வராது என்று யார் சொன்னார்களோ அவர்கள் யாரையும் பழிவாங்கியதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அடுப்பு எரியாமல் வயிறு வேறு விதமாகவும் குளிர ஆரம்பித்தது. மற்ற முதலாளிகள் பயந்துபோனார்கள். கேள்வி யார் வாயில் எப்போது தங்கும் என்று சொல்ல முடியாதே என்று, கம்பெனி வாசல்களில் என்ன வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்று பெயின்டில் எழுதி மாட்டிவிட்டார்கள். உள்ளே வருகிறவரிடம் பெயரையும் ஊரையும் தவிர ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் ரேணுகா என்ற பெயரைக் கேட்டவுடன் அந்தப் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். அவளை எதிரே உட்காரவைத்து வாயைத் திறக்க அந்த ஊரில் ஒரு முதலாளிக்கும் தைரியமில்லை. பலகையில் எழுதியிருந்த சம்பளம் மற்றவர்களுக்குத்தான் கிடைத்தது. வீட்டுக்காரர் வாடகை கேட்டு இரண்டு தடவை வந்து போனார். அரிசி பேபியக்கா வீட்டிலிருந்து வந்தது. ஒரு நாள் காலையில் கண்ணாடி முன் நின்று தலை வாரும்போது அவள் கை தானாகக் காதுத் தோட்டின் திருகாணிக்குப் போயிற்று. கையைப் பார்த்தாள். சீப்பை வீசி எறிந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா போனபோது அழாததையும் சேர்த்து அழுதாள்.

அந்த வாரம்தான் முதலாளிகள் இரண்டு பேர் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு, யாருக்கோ பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருவது போல வந்தார்கள். அறைக்குள் வராமல் வாசலிலேயே தள்ளி நின்றார்கள்.

“அம்மிணி, ஒரு தொகையச் சொல்லி முடிச்சு உடு. நீ என்ன சொன்னாலும் அதுக்கு நாங்க பொறுப்பு. அந்தாளு கேட்டுக் கேட்டு, எங்க ஆளுகளும் இப்ப கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.”

“என்கிட்டக் கேட்டவரு நீங்க இல்லீங்களே. கேட்டவரு வரட்டுங்க.”

அவர்கள் போனதும் பேபியக்கா வந்தாள். ஆப்பிளை ஒன்று எடுத்துத் துடைத்துக் கடித்துக்கொண்டு, வழக்கமில்லாமல் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

“ரேணு, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ பதில் சொல்லீட்டா அந்தாளுக்கு வாய் வந்துரும். வந்ததும் மொத வேலையா, நான் எப்பச் சொன்னேன்னு கேப்பான். ஏத்துனதெல்லாம் எறக்கீருவான். மயிலாத்தாளு கூரைக்கு ஷீட்டு வாங்கீட்டா. எம்பையனுக்கு நான் ஸ்கூல் பீஸ் கட்டீட்டேன்.”

“அப்ப நான் என்னக்கா பண்றது? எங்கம்மா மாதிரி காதுல குச்சியச் சொருகீட்டு உக்காந்துக்கவா?”

பேபியக்கா அடுத்த கடி கடிக்கவில்லை. கடித்த ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபமில்லை, அதனால் யார் மேல் கோபப்படுவது என்றும் அந்த நேரத்துக்குத் தெரியவில்லை. ரேணுகா தொகையைச் சொன்னால் அவளுக்கு வேலை கிடைக்கும், ராக்கியப்பனுக்கு வாய் கிடைக்கும், மற்ற எல்லோருக்கும் கையில் வந்தது போய்விடும். சொல்லாவிட்டால் அவள் மட்டும் பட்டினி கிடக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் ஒரு பெண்பிள்ளை தலையில் வந்து விடிகிற மாதிரியே அந்த ஆள் கேட்டுவைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லைன் வீட்டுச் சந்துக்குள் கார் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. ராக்கியப்பன் இறங்கி நடந்து வந்தார், பின்னால் நாச்சிமுத்து குடை பிடித்து வந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சோப்புக் கையோடு எழுந்து நின்றார்கள். கேள்வி வாங்காதவர்கள் இரண்டு மூன்று பேர் வழியை மறித்து நின்று வாங்கிக்கொண்டார்கள், ஒருத்தி அவர் கம்பெனியிலேயே வேலை செய்யாதவள். ரேணுகா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டாள். முக்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டாள். பேபியக்கா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ராக்கியப்பன் இளைத்திருந்தார். கண்கள் கெஞ்சின. அதைப் பார்த்து ரேணுகாவுக்கு ஒரு நிமிடம் மனசு இளகத்தான் செய்தது. அவளும் மனுஷிதானே, வாயடைத்துப்போன ஒரு வயசாளி தன் வீட்டு வாசல் ஏறி வந்திருக்கிறார். தொகையைச் சொல்லி அனுப்பிவிடலாமா என்று நினைத்தாள்.

“நான் யாருன்னு தெரியுதுங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தன் வாயை அடைத்துவிட்டுப் போன பொம்பளை என்பதற்கு மேல் அந்தக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். உள்ளங்கை இல்லாத குண்டை உருட்டியது. பந்தி விசாரிக்கிற சிரிப்பு வந்தது.

“சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கறீங்க?”

ரேணுகாவின் மனசு மறுபடியும் இறுகிக்கொண்டது. நாக்கு நுனிக்கு வந்த தொகையை அவள் விழுங்கினாள். பேபியக்காவைப் பார்த்தாள். பிறகு, வாட்ச்மேன் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தபடி, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தாள், இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டாள், கல்லூரி முடித்து வந்த பெண்ணின் குரலிலேயே சொன்னாள்.

“நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க சார்.”

பதில் வந்துவிட்டது, கேள்வி போய்விட்டது. தொண்டையில் மாட்டியிருந்த மீன் முள் இறங்கிய மாதிரி அது போவது ராக்கியப்பன் முகத்தில் தெரிந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார், எச்சில் விழுங்கினார், கண்ணில் பழைய கடுமை வந்தது. வேகமாக எழுந்து நாச்சிமுத்து பக்கம் திரும்பி, ஏத்தினதை எல்லாம் இன்றைக்கே இறக்கு என்று சொல்ல வாயைத் திறந்தார். வாசலில் இருந்த பெண்கள் முகம் செத்துப்போனது.

“நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க” என்றார் ராக்கியப்பன்.

அவருடைய கழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. கைகள் இரண்டும் சேர்ந்திருந்தன. பிரிக்கப் பார்த்தார், பிரியவில்லை. மறுபடியும் வாயைத் திறந்தார், மறுபடியும் அதுவே வந்தது. நாச்சிமுத்து குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கேஷியருக்கு இருக்க வேண்டிய நிதானத்தோடு கேட்டார்.

“அப்ப ஏத்துன சம்பளமெல்லாம் அப்படியே இருக்கட்டுங்களா, மொதலாளி?”

“நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க.”

“இந்த அம்மிணி நாளைக்கு வேலைக்கு வந்தா அவியளுக்கு எவ்வளவுங்?”

“நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க.”

நாச்சிமுத்து ரேணுகா பக்கம் திரும்பினார். அவள் இத்தனை வருடம் கூடவே வைத்திருந்த தொகையை, கழுத்தைச் சாய்க்காமல், அவரிடம் சொன்னாள். முதலாளி வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்கிறாரா என்று நாச்சிமுத்து வழக்கப்படி சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சரிங்க என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் பேபியக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

நாளைக்குப் பையிங் ஏஜென்ட் உருப்படி என்ன விலை என்று கேட்பான், நூல் மில்லுக்காரர் பாக்கியை எப்போது தருகிறீர்கள் என்பார், பேங்கில் வட்டி சொல்வார்கள், சம்பூர்ணம் தோசையைப் போட்டுக்கொண்டே இன்னும் என்னவோ கேட்பாள், எல்லோரிடமும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்பது ராக்கியப்பனுக்கு அப்போது புரிந்தது. எத்தனையோ பேர் தன் எதிரே வந்து இதைச் சொல்லிவிட்டு எப்படி உட்கார்ந்திருந்தார்களோ, அப்படியே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. சேர்ந்திருந்த கைகளை ரேணுகா பக்கம் தூக்கி, அவளைப் பார்த்து, குரல் உடைந்து, அதையே இன்னொரு தடவை சொன்னார்.

ரேணுகா ஓரமாக வைத்திருந்த முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

“பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்” என்றாள்.

அப்போதுதான் அவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது.